கன்னம் வைத்தவர்

இடது கன்னத்தைக் குளியலறையின் வெளிச்சுவரில் ஒட்டி, கண்ணை மூடி, மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் வீட்டுக்கார அம்மாள். குழாய் பார்க்க ஆள் கேட்டால் சுவரைக் கொஞ்சுகிற ஆளை அனுப்பிவிட்டார்களே என்று அவள் முகத்தில் கவலை. கன்னம் ஒரு சாண் கீழே இறங்குகிறது. வலப்பக்கம் இரண்டு விரற்கடை நகர்கிறது. அங்கேயே நின்றுவிடுகிறது. "இருக்கும்மா," என்கிறார் கண்ணைத் திறக்காமல். "செவுத்துக்குச் சளி புடிச்சிருக்கு. வெளிய தெரிய இன்னும் பத்து நாள் ஆகும்." வலது காதில் செருகிய பென்சிலை எடுத்து, கன்னம் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுகிறார். அந்த வட்டத்துக்குள் உளியை வைத்தால் போதும், குழாயின் பொத்தல் எட்டிப் பார்க்கும்.

அந்த வட்டாரத்தில் அவருக்குக் கன்னத்துக்காரர் என்றுதான் பெயர். வயது அறுபத்திரண்டு. ஈரம் பார்க்க எல்லோரும் உள்ளங்கையை வைப்பார்கள். அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "கை உழைச்சு உழைச்சு மரத்துப்போச்சு. அதுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. கன்னம் ஒரு வேலையும் செய்யாம சும்மா இருக்குற சாமான். அதான் சரியாச் சொல்லும்." தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி சுவரைக் காட்டி "கன்னம் வைடா" என்பாராம். ஒழுகலைக் கண்டுபிடி என்று அர்த்தம். அதற்கு வேறு அர்த்தமும் உண்டென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இடது கன்னத்தை நாள் தவறாமல் மழமழவென்று வழித்துக்கொள்வார். வலது கன்னத்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான். அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறவர்கள், உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். தூங்கும்போதும் வலப்பக்கம்தான் ஒருக்களிப்பார். தொழில் சாமானைத் தலையணையில் போட்டுத் தேய்ப்பார்களா என்று கேட்பார்.

சாயங்காலம் அவர் வாசற்படியில் கால் வைக்கும்போது உள்ளிருந்து ஒரு குரல் வரும்: "நில்லுங்க." மனைவி வருவாள். முந்தானை நுனியைச் சுருட்டி, அவருடைய இடது கன்னத்தில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைத் துடைப்பாள். பிறகு காது மடலையும் துடைப்பாள். அவரைப் பார்த்துக்கூடத் துடைக்கமாட்டாள். எதிர்வீட்டுச் சண்டையைப் பற்றியோ அரிசி தீர்ந்ததைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பாள், கை மட்டும் தன் வேலையைச் செய்யும். "பவுடர் பூசிக்கிற ஆம்பளைங்களைப் பாத்திருக்கேன். காது மடலோட சேத்துப் பூசிக்கிறவர் இவர் ஒருத்தர்தான்," என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். முப்பத்தேழு வருஷமாக அந்த வீட்டில் இதுதான் வரவேற்பு.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். இந்த இணைப்பு இரண்டு வருஷம் தாங்கும் என்று அவர் சொன்னால், இரண்டு வருஷமும் ஒரு நாளும் தாங்கும். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை பேசுவார். அதை மட்டும் யாரும் நம்புவதில்லை.

"நான் ஒரு சினிமாவுல நடிச்சிருக்கேன்."

எண்பதுகளில் எடுத்த சிரிப்புப் படம் அது. மூன்று திருடர்களைப் பற்றிய கதை, மூவருக்கும் சேர்த்து மூளை அரை. ஒரு வீட்டில் திருடக் கிளம்பி வேறு வீட்டில் நுழைந்துவிடுகிறார்கள். படம் எடுத்தவர் சிக்கனக்காரர். கையில் இருந்ததெல்லாம் மாமனார் வீடு ஒன்றும் ஓடாத கார் ஒன்றும்தான். கார் ஓடுவதாகக் காட்ட ஐந்து பேர் பின்னால் குனிந்து தள்ளுவார்கள். அந்த ஐந்து பேரில் டைரக்டரும் ஒருவர், ஆகையால் கார் வரும் காட்சிகளுக்கு டைரக்‌ஷன் கிடையாது. போலீஸ் உடுப்பும் ஒன்றே ஒன்று. இன்ஸ்பெக்டர் வந்தால் கான்ஸ்டபிள் வரமாட்டார். படம் முழுக்க இருவரும் டெலிபோனில்தான் பேசிக்கொள்வார்கள்.

மூன்றாவது திருடனாக நடிக்க வேண்டியவர் முதல் நாளே வரவில்லை. வராமல் என்ன, வந்தார். அடுத்த தெருவில் படப்பிடிப்பு வீட்டைப் போலவே பச்சைக் கேட் போட்ட இன்னொரு வீட்டுக்குள் போய்விட்டார். அங்கே நாய்க்கு ஊசி போட வரவேண்டிய டாக்டருக்காகக் காத்திருந்தார்கள். "வாங்க, வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்," என்று அழைத்துப் போய் நாயின் முன்னால் உட்காரவைத்தார்கள். காட்சியை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவரும் சாயங்காலம் வரை டாக்டராகவே நடித்தார். நாய்க்கு என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை. நாயும் சொல்லவில்லை.

இங்கே கம்பளிகளை ஜன்னல்களில் தொங்கவிட்டு நடுப்பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். திருடன் வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து மாடியிலிருந்து கையில் குறட்டோடு ஓர் இளைஞன் இறங்கி வந்தான். மேல் குளியலறைக் குழாயைப் பார்க்க வந்தவன். டைரக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"திருடன் மாதிரியே இருக்கியேப்பா."

"நான் குழாய்க்கு வந்தவன் சார்."

"அதுவும் சரிதான். குழாய் வழியா ஏறி வந்தவன்னு வச்சுக்கலாம்."

தலையில் ஒரு டோப்பா. மூக்குக்குக் கீழே துடைப்பக்கட்டை அளவுக்கு மீசை. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. இப்படிப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கி, வசனத் தாளைக் கையில் கொடுத்தார்கள். வசனம் எழுதியவர் ஒரு தமிழாசிரியர். 'திருடன் சுவரை உடைக்கிறான்' என்று சாதாரணமாக எழுத அவருக்கு மனம் வராது. ஆகவே தாளில் இப்படி இருந்தது: 'கள்வன் சுவரில் கன்னம் வைக்கிறான்.'

கன்னக்கோல் என்ற கருவியால் சுவரைத் துளைத்து உள்ளே புகுவதற்குக் கன்னம் வைப்பது என்று பெயர். திருடர்களுக்கான சுத்தமான தமிழ். நம்மவருக்கோ மேஸ்திரி சொன்ன தமிழ்தான் தெரியும். தினமும் செய்கிற வேலையைத்தானே செய்யச் சொல்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். கையில் கடப்பாரையை எதற்குக் கொடுத்தார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. தொழில் தெரியாதவர்கள் எதையாவது கொடுப்பார்கள் என்று அதை ஓரமாகச் சாய்த்து வைத்தார். சுவரை நெருங்கினார். படப்பிடிப்புக்காக முதல் நாள்தான் வெள்ளையடித்த சுவர். கண்ணை மூடி, இடது கன்னத்தைப் பதித்தார். ஒரு சாண் இறங்கினார். இரண்டு விரற்கடை நகர்ந்தார். நின்றார்.

 கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"மேல பாத்ரூம் தண்ணி உள்ள எறங்குது சார்," என்றார் திருடன், கேமராவின் பக்கம் திரும்பி. "செவுரு பூரா ஊறியிருக்கு."

டைரக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேமராமேன் சிரித்த சிரிப்பில் படமே குலுங்கியது. தமிழாசிரியர் மட்டும் கோபமாக வந்தார். "கன்னம் வைப்பது என்றால் சுவரைத் துளைப்பது ஐயா. இது கூடவா தெரியாது?" என்று கேட்டார். "தொளைக்கிறதுக்கு முன்னாடி எங்க ஈரம்னு பாக்க வேணாமா சார்?" என்றார் இவர். ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இலக்கணப்படி தவறில்லை," என்று போய் உட்கார்ந்தார்.

கதையே அங்கேதான் மாறியது. விழித்துக்கொண்ட வீட்டுக்காரர்கள், சுவரில் கன்னம் வைத்து நிற்கும் திருடனைப் பார்த்து, வரச் சொன்ன குழாய்க்காரர் வந்துவிட்டார் என்று நம்பி, மாடிக்கு அழைத்துப் போவதாக மாற்றிவிட்டார்கள். குழாய்க்காரர் திருடனாக நடிக்க, அந்தத் திருடனை எல்லோரும் குழாய்க்காரர் என்று நம்ப, உண்மையான நடிகர் அடுத்த தெருவில் நாய்க்கு நாடி பிடித்துக்கொண்டிருந்தார். ஆள்மாறாட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்.

மறுநாள் அந்த நடிகர் நாய் வாசனையோடு வந்து சேர்ந்தார். டோப்பாவும் மீசையும் பட்டையும் அவர் முகத்துக்கு மாறின. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் நாள் ஒட்டிய சுண்ணாம்புக்குத் தொடர்ச்சி வேண்டுமே என்று கன்னத்தில் மாவு அப்பினார்கள். "நான் வச்சது இடது. அவருக்கு வலதுல அப்பிட்டாங்க. நான் சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல," என்று இவர் இன்றைக்கும் வருத்தப்படுவார். குழாய் வேலை முடிந்துவிட்டதால் இவரை அனுப்பிவைத்தார்கள். பெயர்ப் பலகை அதற்கு முன்பே எழுதி முடிந்திருந்தது. அதில் மூன்றாவது திருடனுக்கு நேரே நாய் டாக்டரின் பெயர்தான். குரலும் வேறு யாரோ கொடுத்தது.

படத்துக்கு மூன்று முறை பெயர் மாற்றினார்கள். என்ன பெயரில் எப்போது வந்தது என்று இவர் விசாரித்துத் தெரிந்துகொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஐந்தாம் நாள் தியேட்டருக்குப் போனார். படம் நாலாம் நாளே போய்விட்டது. டிக்கெட் எடுத்தாயிற்றே என்று, அங்கே ஓடிய வேறொரு படத்தைப் பார்த்து, அதில் வந்த அம்மாவின் மரணத்துக்கு அழுதுவிட்டு வந்தார்.

ஆக, தான் நடித்த படத்தை அவரே பார்த்ததில்லை. அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. முதல் வேலையாக மனைவியிடம் இதைத்தான் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமா, நீங்க நடிச்சீங்க. நான்தான் டூயட்டுக்கு ஆடினேன்," என்றாள். அன்று தொடங்கியது இன்று வரை நிற்கவில்லை. சமையலறைக் குழாய் சொட்டினால், "சினிமா நடிகருக்கு வீட்டுக் குழாயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா," என்பாள். அது சொட்டுவதும் உண்மை. ஊரெல்லாம் அடைப்பவருக்குத் தன் வீட்டுச் சொட்டு கண்ணில் படுவதில்லை.

அவளுக்கு அது வேடிக்கை. அவருக்கு உள்ளே முள். ஒருவன் வாழ்நாளில் சொன்ன ஒரே பெருமையைக் கட்டியவளே நம்பவில்லை என்றால், அவன் சொன்ன மற்ற உண்மைகளுக்கும் அவள் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தாளோ என்று தோன்றிவிடும். அதோடு இன்னொரு பயமும் உண்டு. அந்தக் காட்சியை வெட்டி எறிந்திருந்தால்? அப்புறம் தான் நடித்தது தனக்கே கனவாகிவிடுமே என்று சுவரில் கன்னம் வைத்து நிற்கும்போது சில சமயம் நினைத்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். கூடத்தில் டிவி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பகல் போடப்போகிற பழைய படத்துக்கு விளம்பரம். கரகரவென்று ஒரு குரல் சொன்னது: "மேலே குளியலறைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, ஐயா." எழுந்த வேகத்தில் தொட்டியில் தலை இடித்தது. இடித்ததைப் பொருட்படுத்தாமல் கூடத்துக்கு ஓடினார். அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. "என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரர். "அந்த வசனம் என்னுது சார்," என்றார் தலையைத் தடவிக்கொண்டே. வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அடி கொஞ்சம் பலம்தான் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இரண்டு கன்னத்தையும் வழித்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் விஷயம் பெரியது என்று மனைவிக்குப் புரிந்தது. அவள் அண்ணன், அதாவது இவருடைய மச்சான், சாப்பாட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு மாப்பிள்ளை தோற்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது. மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

படத்துக்கு முன்னால் பேட்டி. தோளில் சால்வையும் வெள்ளை முடியுமாக ஒரு பெரியவர். 'படத்தில் மூன்றாவது திருடனாக நடித்துச் சிரிக்கவைத்தவர்' என்று அறிமுகம் செய்தார்கள். பேட்டி எடுத்த பெண், "அந்தக் கன்னம் வைக்கிற காட்சி உங்களுக்கு எப்படி சார் தோணுச்சு?" என்று கேட்டாள். பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். "அதெல்லாம் கலைஞனுக்குத் தானா வர்றதும்மா," என்றார். "எங்களுக்காக ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்," என்றாள். எழுந்து போய் அரங்கத்துச் சுவரில் வலது கன்னத்தை வைத்தார். அட்டைச் சுவர். அவரோடு சேர்ந்து அதுவும் கொஞ்சம் சாய்ந்தது.

"வலது," என்றார் கன்னத்துக்காரர்.  "வலதுல வைக்கிறாரு பாரு. வலதுல வச்சா பென்சில் எங்க செருகுறது?"

"செவுரே ஆடுது, உங்களுக்குப் பென்சில் கவலை," என்றார் மச்சான். "மாப்ள, அந்த ஆளுதான் நடிச்சேன்னு டிவியில உக்காந்து சொல்றாரு. இனிமேலாவது விட்டுருங்க."

 மனைவி கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் கேலி இல்லை, இரக்கம் இருந்தது. பாவம், இத்தனை வருஷமாக இந்தப் பொய்யைக் கட்டி இழுத்திருக்கிறாரே என்கிற இரக்கம்.  "அவரும் அன்னிக்கு நடிச்சாருதான்," என்றார் மெதுவாக. "நாய்கிட்ட."

மச்சான் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். படம் தொடங்கியது. பெயர்கள் ஓடின. மூன்றாவது திருடனுக்கு நேரே சால்வைக்காரர் பெயர். மச்சான் அதைச் சத்தமாக வாசித்தார். கார் வந்தது. பின்னால் ஐந்து முதுகுகள் தெரிந்தன. "இதுல நீங்க எந்த முதுகு?" என்றாள் மனைவி, அவரைச் சிரிக்கவைக்கிற மாதிரி. அவர் சிரிக்கவில்லை. அவர் படத்தைப் பார்க்கவும் இல்லை. தன்னை வெட்டிவிட்டுச் சால்வைக்காரரை வைத்தே மறுபடி எடுத்திருப்பார்கள் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று திருடர்கள் தவறான வீட்டில் குதித்தார்கள். ஒருவன் மேல் ஒருவன் விழுந்தான். மூன்றாமவன் எழுந்தான். டோப்பா, மீசை, பட்டை. கையில் கடப்பாரை. அதைப் பார்த்தான், விளங்கவில்லை, ஓரமாகச் சாய்த்து வைத்தான். சுவரை நெருங்கி இடது கன்னத்தைப் பதித்துக் கண்ணை மூடினான். கன்னம் ஒரு சாண் இறங்கியது. இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றது.   சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். கழுத்து கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

திருடன் கேமராவின் பக்கம் திரும்பி வசனத்தைச் சொன்னான். படம் குலுங்கியது. தாடையிலிருந்து மேலே ஏறி, காது மடல் வரைக்கும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

"நில்லுங்க," என்றாள் அவள்.

அவர் உட்கார்ந்துதான் இருந்தார். அவள் எழுந்து டிவியின் பக்கம் போனாள். "ஏய், மறைக்காத," என்றார் அண்ணன். அது அவள் காதில் விழவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டி, திருடனின் இடது கன்னத்தைத் துடைத்தாள். பிறகு காது மடலையும்.